தாங்காவில் விட்டுவந்த 16 துப்பாக்கிகள்

1

போர் நினைவுநூல்களை எப்படி வாசிப்பது என்று யாராவது கேட்டால், வீரதீரப் பக்கங்களைத் தாண்டிப் போய் பட்டியல்களைப் படியுங்கள் என்றுதான் சொல்வேன். தளபதிகள் தங்களைப் பற்றி எழுதும்போது கொஞ்சம் கூட்டிக் குறைத்துச் சொல்வார்கள். கைப்பற்றிய பொருட்களைப் பற்றி எழுதும்போது மளிகைக்கடைக் கணக்குப்பிள்ளை மாதிரி ஆகிவிடுவார்கள். அங்கேதான் பிரதி வாய் தவறி உண்மையைச் சொல்லும்.

நான் சொல்ல வருவது பவுல் ஃபொன் லெட்டோ-ஃபோர்பெக் என்ற ஜெர்மன் தளபதி 1920இல் வெளியிட்ட கிழக்கு ஆப்பிரிக்க நினைவுகள். முதல் உலகப் போரில் இன்றைய தான்சானியா, ருவாண்டா, புருண்டி அடங்கிய ஜெர்மன் கிழக்கு ஆப்பிரிக்காவில் நான்கு வருடம் பிடிகொடுக்காமல் போராடியவர். அந்த நூலில் 1914 நவம்பரில் தாங்கா துறைமுகத்தில் நடந்த சண்டைக்குப் பிறகு ஒரு சின்னப் பட்டியல் வருகிறது. மூன்று கம்பெனிகளுக்குக் கொடுக்கப் போதுமான நவீனத் துப்பாக்கிகள். 6 லட்சம் தோட்டாக்கள். 16 இயந்திரத் துப்பாக்கிகள். கூடவே தொலைபேசிக் கருவிகள், ஒரு வருடத்துக்குக் காணும் துணிமணிகள்.

இந்த 16 துப்பாக்கிகளும் யாருடையவை? பிரிட்டிஷாருடையவை என்று எல்லாப் புத்தகமும் சொல்லும். தாங்காவில் இறங்கிய 8,000 பேரில் பெரும்பாலானோர் இந்தியச் சிப்பாய்கள். அந்தப் படைக்கு ‘இந்தியப் படையெடுப்புப் படை பி’ என்று பெயர். அதில் இருந்த பட்டாலியன்களில் ஒன்றின் பெயரைப் பார்த்தபோதுதான் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன்: 63ஆவது பாளையங்கோட்டை லைட் இன்ஃபன்ட்ரி.

பாளையங்கோட்டை. நம்ம திருநெல்வேலிப் பாளையங்கோட்டைதான். அதோடு 61ஆவது பயனியர்ஸ் என்ற இன்னொரு மதராஸ் படையும் இருந்தது. தமிழ்நாட்டுக் கோட்டையூரின் பெயரைச் சுமந்த ஒரு படை, கிழக்கு ஆப்பிரிக்கக் கடற்கரையில், முதல் உலகப் போரின் மிக மோசமான பிரிட்டிஷ் தோல்விகளில் ஒன்றில் நின்றிருக்கிறது. அந்தத் தோல்வியை நான்கு புத்தகங்கள் எப்படிச் சொல்லியிருக்கின்றன, அதில் நம்ம ஆட்கள் என்னவாக ஆகிறார்கள் என்பதுதான் இந்தக் கட்டுரை.

2

முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் பள்ளிக்கூடத்தில் யாரும் நமக்கு இதைச் சொல்லித்தரவில்லை.

1914 அக்டோபர் 16 அன்று பம்பாயிலிருந்து கப்பல்கள் புறப்பட்டன. சரக்கு மாதிரி அடைக்கப்பட்ட சிப்பாய்கள். பலர் அதற்கு முன் கடலையே பார்க்காதவர்கள். புறப்படுவதற்குச் சற்று முன்தான் புதுரகத் துப்பாக்கி கையில் கொடுக்கப்பட்டது. தளபதி மேஜர் ஜெனரல் ஆர்தர் ஐட்கன், எதிரில் நிற்பது கறுப்பர் படைதானே, கிறிஸ்துமஸுக்குள் முடித்துவிடலாம் என்ற எண்ணத்தில் இருந்தவர். கீழே இருந்த பட்டாலியன்களோ ஒன்றோடொன்று பழகாதவை. ராஜபுத்திரர், காஷ்மீரப் படை, குவாலியர் படை, மதராஸ் படை, ஒரு ஆங்கிலேயப் பட்டாலியன். உத்தரவு எந்த மொழியில் போனது, எந்த மொழியில் போய்ச் சேர்ந்தது என்று நினைத்துப் பாருங்கள்.

நவம்பர் 2ஆம் தேதி ‘ஃபாக்ஸ்’ என்ற போர்க்கப்பலின் தலைவர் முதலில் கரைக்குப் போய், சரணடையச் சொல்லி அறிவிப்புக் கொடுத்தார். தாங்கா மேல் படையெடுக்கப் போகிறோம் என்று வீட்டு வாசலில் நின்று சொல்லிவிட்டு வந்த மாதிரி. லெட்டோ உடனே கிளிமஞ்சாரோ பக்கமிருந்து ரயிலில் ஆட்களை இறக்கினார். 3ஆம் தேதி நடந்த முதல் தாக்குதல் முறிந்தது. 4ஆம் தேதி மொத்தப் படையும் ரப்பர்த் தோட்டமும் புதருமாக இருந்த நிலத்தில் வெயிலில் நடந்து முன்னேறியது. நடுவில் நின்றது பாளையங்கோட்டைப் படை. எதிரில் சுமார் 1,000 பேர்தான். ஆனால் அவர்களிடம் இயந்திரத் துப்பாக்கிகள் சரியான இடத்தில் இருந்தன.

நடு வரிசை உடைந்தது. சிப்பாய்கள் கடற்கரையை நோக்கி ஓடினார்கள். குண்டு பட்டுக் கலைந்த காட்டுத் தேனீக்கள் இரண்டு பக்கமும் கொட்டின. ஜெர்மானியர் தேனீக்களைப் பழக்கி ஏவினார்கள் என்றுகூட அப்போது பிரிட்டனில் பேசிக்கொண்டார்கள். தோற்றவனுக்குக் காரணம் கிடைத்தால் போதும், அது தேனீயாக இருந்தாலும் பரவாயில்லை. ஆங்கிலேயப் பட்டாலியனும் காஷ்மீரிகளும் ஊருக்குள் புகுந்து வீதிச் சண்டை போட்டார்கள். ஆனால் நடுவே ஓட்டை விழுந்த வரிசை நிற்காது. 5ஆம் தேதி மீதிப் பேர் கப்பலேறினார்கள். 800க்கும் மேற்பட்டோர் செத்தும் காயம்பட்டும் போயிருந்தார்கள். அவசரத்தில், தூக்க முடியாத கனமான பொருட்கள் எல்லாம் கரையிலேயே கிடந்தன.

1914இல் பிரிட்டிஷ் வழக்கப்படி ஒரு பட்டாலியனுக்கு 2 இயந்திரத் துப்பாக்கி. அப்படியானால் 16 என்பது எட்டுப் பட்டாலியனுக்கான ஒதுக்கீடு. கிட்டத்தட்ட வந்தவர்கள் கொண்டுவந்த எண்ணிக்கையையே விட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள்.

3

இப்போது அந்தத் துப்பாக்கியைக் கொஞ்சம் பார்க்கலாம். இது இலக்கியப் பத்திரிகை, மெக்கானிசம் எதற்கு என்று கேட்காதீர்கள். எனக்கு இந்த இயந்திரத்தின் உள்ளேதான் என் வாதம் இருக்கிறது.

ஹிராம் மாக்சிம் 1884 வாக்கில் உருவாக்கிய யோசனை எளிமையானது. சுடும்போது துப்பாக்கி பின்னால் உதைக்கும் இல்லையா, அந்த உதையையே வேலை வாங்கினார். உதை காலி ரவையை வெளியே தள்ளும், அடுத்த ரவையை உள்ளே இழுக்கும், மறுபடி சுடும். விசையை அழுத்திப் பிடித்தால் போதும், நிமிடத்துக்கு 500 ரவைக்கு மேல். 250 ரவை கோத்த துணிப் பட்டை பக்கவாட்டில் உள்ளே போய்க்கொண்டே இருக்கும். குழாய் பழுத்துவிடாமல் இருக்கச் சுற்றிலும் தண்ணீர் உறை. தண்ணீர் கொதித்து ஆவியாகும். மறுபடி ஊற்ற வேண்டும். ஆப்பிரிக்காவின் வறண்ட நிலத்தில் அந்தத் தண்ணீரை யாராவது தலையில் சுமந்து வரவேண்டும்.

இதில் ஒரு சங்கதி. கைப்பற்றிய வாளை அப்படியே சுழற்றலாம். கைப்பற்றிய மெஷின் கன்னுக்கு அதன் சொந்த ரவை வேண்டும். பிரிட்டிஷ் துப்பாக்கி பிரிட்டிஷ் ரவையைத்தான் தின்னும். ஜெர்மன் ரவையைப் போட்டால் வாய் திறக்காது. அதனால்தான் லெட்டோவின் பட்டியலில் 16 என்ற எண்ணைவிட 6 லட்சம் என்ற எண் முக்கியமாகிறது. அது தீர்ந்தால் மறுபடி எதிரியிடமே போய் எடுத்தாக வேண்டும். கைப்பற்றியவன் ஒருவகையில் எதிரியின் வாடிக்கையாளன் ஆகிவிடுகிறான்.

லெட்டோ நான்கு வருடமும் அப்படித்தான் ஓட்டினார். போரின் தொடக்கத்தில் அவருடைய அஸ்காரிகளில் பலரிடம் இருந்தது 1871ஆம் வருட மாதிரி, சுட்டால் புகை கிளம்பி ஆளைக் காட்டிக்கொடுக்கும் துப்பாக்கி. தாங்கா அதை மாற்றியது. பிறகு போர்ச்சுகீசியரிடம் பறித்தார். பிரிட்டிஷாரிடம் மறுபடி மறுபடி பறித்தார். ஐரோப்பாவில் போர் முடிந்து இரண்டு வாரம் கழித்து, 1918 நவம்பர் 25 அன்று, இன்றைய ஜாம்பியாவின் அபர்கார்ன் என்ற ஊரில் ஆயுதத்தை ஒப்படைத்தபோது மறுபடி ஒரு பட்டியல் எழுதுகிறார்: 37 இயந்திரத் துப்பாக்கிகள், அதில் ஜெர்மன் தயாரிப்பு 7 மட்டுமே. மற்றவை பிரிட்டிஷ். 1,071 துப்பாக்கிகள், அவை பிரிட்டிஷும் போர்ச்சுகீசும்.

புத்தகத்தின் முன்பக்கம் ஒரு பட்டியல், கடைசிப் பக்கம் ஒரு பட்டியல். நடுவில் இருக்கும் சில நூறு பக்கச் சாகசத்தையும் இந்த இரண்டு பட்டியல்கள் ஒரு வரியில் சொல்லிவிடுகின்றன: பிரிட்டிஷாரை எதிர்த்து நடந்த போர் பிரிட்டிஷ் ஆயுதத்தால் நடந்தது. லெட்டோ இதைப் பெருமையாக எழுதுகிறார். நான் இதைப் படிக்கும்போது வேறொன்று தோன்றுகிறது. அந்தத் துப்பாக்கிகளும் தண்ணீரும் ரவைப் பெட்டிகளும் சுமைதூக்கிகளின் தலைமேல் போயின. பிரிட்டிஷ் பக்கம் மட்டும் அப்படிச் சுமந்து, பசியாலும் காய்ச்சலாலும் செத்தவர்கள் ஒரு லட்சத்தை நெருங்குவார்கள். கேரியர் கோர் என்ற அந்தச் சுமைதூக்கிப் படையின் பெயர் மருவித்தான் தார் எஸ் சலாமில் கரியாக்கோ என்ற சந்தை இருக்கிறது, நைரோபியில் கரியோக்கோர் என்ற பேட்டை இருக்கிறது. துப்பாக்கிக்கு எண் கிடைத்தது. சுமந்தவனுக்கு ஒரு சந்தையின் பெயர்.

லெட்டோவின் நூலை நல்ல நூல் என்று சொல்வேனா? தெளிவான, அலங்காரமில்லாத எழுத்து. அதுதான் அதன் ஆபத்தும். 1904இல் தென்மேற்கு ஆப்பிரிக்காவில் ஹெரேரோ மக்களைக் கூண்டோடு அழித்த ஃபொன் ட்ரோதாவின் கீழ் வேலை பார்த்தவர், 1920இல் ஜெர்மன் குடியரசைக் கவிழ்க்கப் பார்த்த காப் கலகத்தில் சேர்ந்தவர், நினைவுநூலில் மட்டும் கறைபடாத கனவானாக நடமாடுகிறார். ‘விசுவாசமான அஸ்காரி’ என்ற ஒரு பாத்திரத்தை உருவாக்கி அதன் பின்னால் நின்றுகொள்கிறார். 1964இல் மேற்கு ஜெர்மனி உயிரோடிருந்த அஸ்காரிகளுக்குப் பாக்கிச் சம்பளம் கொடுக்க ஆள் அனுப்பியபோது, சான்றிதழ் இல்லாத கிழவர்களிடம் ஒரு துடைப்பத்தைக் கொடுத்து ஜெர்மனில் கவாத்து உத்தரவு போட்டுப் பார்த்தார்களாம், ஒருவர்கூடத் தவறவில்லையாம் என்று ஒரு கதை பரவலாகச் சொல்லப்படுகிறது. விசுவாசத்துக்கு அடையாளமாக இதைச் சொல்கிறார்கள். எனக்கு அது, 50 வருடம் கழித்தும் ஒரு உடம்பை விட்டு இறங்காத மிரட்டலாகப் படுகிறது.

4

இரண்டாவது புத்தகம் ரிச்சர்ட் மைனர்ட்ஸ்ஹாகனின் ராணுவ நாட்குறிப்பு, 1960இல் வெளிவந்தது. தாங்காவில் பிரிட்டிஷ் உளவு அதிகாரியாக இருந்தவர். இந்தியச் சிப்பாய்கள் ஓடியதைப் பற்றி எழுதியவர்களில் பலரும் கடன் வாங்குவது இவரிடம்தான். அவருடைய பக்கங்களில் மதராஸ் சிப்பாய் நடுங்குகிறான், உளறுகிறான், ஆட்டுமந்தைபோல ஓடுகிறான். பெயர் கிடையாது. முகம் கிடையாது. ஒரு பெருங்கூட்டத்தின் நாற்றம் மட்டும் இருக்கிறது. வெள்ளைக்கொடியோடு எதிரி முகாமுக்குப் போன இடத்தில் ஜெர்மன் அதிகாரிகள் உபசரித்ததையும் அதே கை எழுதுகிறது, அங்கே மட்டும் மொழி மிருதுவாகிறது.

இந்த நாட்குறிப்பின் யோக்கியதை என்ன? மைனர்ட்ஸ்ஹாகன் பெரிய பறவையியலாளர் என்று பேர் வாங்கியவர். அவர் செத்துப் பல வருடம் கழித்து, லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்திலிருந்து பறவைப் பாடங்களைத் திருடி, வேறு இடத்தில் பிடித்ததாகச் சீட்டு ஒட்டியிருக்கிறார் என்று ஆய்வாளர்கள் அம்பலப்படுத்தினார்கள். 2007இல் பிரையன் கார்ஃபீல்ட் எழுதிய நூல் அவருடைய போர்க் கதைகளையும் நாட்குறிப்புகளையும் தோண்டி, பலதும் பின்னாளில் இட்டுக்கட்டியவை என்று வாதிட்டது. செத்த பறவைக்கே பொய் முகவரி எழுதியவர், செத்த சிப்பாயைப் பற்றி என்ன எழுதியிருப்பார்?

அதற்காக ஓடவே இல்லை என்று நான் சொல்லப்போவதில்லை. நடு வரிசை உடைந்தது என்பது எல்லாத் தரப்பும் ஒப்புக்கொண்ட விஷயம். கேள்வி வேறு. அந்த ஓட்டத்துக்கு எந்த அகராதியில் அர்த்தம் தேடினார்கள்?

அகராதி ஏற்கெனவே தயாராக இருந்தது. 1880களில் மதராஸ் படைக்கும், பிறகு இந்திய ராணுவம் மொத்தத்துக்கும் தளபதியாக இருந்தவர் ராபர்ட்ஸ் பிரபு. தெற்கத்திச் சிப்பாய் போருக்கு லாயக்கில்லை என்பது அவருடைய உறுதியான கருத்து. 1897இல் வந்த தன் நினைவுநூலில் அதை விளக்கியும் இருக்கிறார். ‘போர் வீர இனங்கள்’ என்ற கொள்கை இப்படித்தான் கெட்டியானது. 1857இல் யார் நம்மோடு நின்றார்கள், யார் எதிர்த்தார்கள் என்ற அரசியல் கணக்கு, பஞ்சாபிக்கும் கூர்க்காவுக்கும் வீரம் ரத்தத்தில் ஊறியது என்ற மானுடவியலாக வேஷம் மாற்றிக்கொண்டது. மதராஸ் படைகளைக் குறைத்தார்கள், நல்ல அதிகாரிகள் அங்கே போக விரும்பவில்லை, பயிற்சியும் ஆயுதமும் கடைசியாகத்தான் வந்தன. பிறகு தாங்காவில் உடைந்ததும், பார்த்தாயா, சொன்னோமே என்றார்கள்.

இது நம்ம ஊரில் கேட்டுப் பழகின வாதம்தான். ஒரு பேட்டைக்குத் தண்ணி விடமாட்டான், குப்பை அள்ளமாட்டான், நாலு வருஷம் கழிச்சு வந்து, இவங்க எப்பவும் இப்படித்தான் அசிங்கமா இருப்பாங்க என்பான். வடசென்னையில் வளர்ந்தவனுக்கு ராபர்ட்ஸ் பிரபுவைப் புரிந்துகொள்ள மேல்படிப்பு வேண்டாம்.

மதராஸ் காலாட்படையில் தமிழர், தெலுங்கர், முஸ்லிம்கள், கிறிஸ்தவர், பறையர் எல்லாரும் கலந்து இருந்தார்கள். ஒடுக்கப்பட்ட சாதியினர் சீருடை போட்டு, சம்பளம் வாங்கி, நிமிர்ந்து நடக்க முடிந்த சொற்ப இடங்களில் அது ஒன்று. போர் முடிந்து 1920களில் அந்தப் படைகளைக் கலைத்தார்கள். இரண்டாம் உலகப் போரில் ஆள் தட்டுப்பாடு வந்தபோதுதான் மதராஸ் ரெஜிமென்ட் மறுபடி எழுந்தது. ஆகவே மைனர்ட்ஸ்ஹாகன் எழுதிய வகை வாக்கியங்களுக்குப் பின்விளைவு இருந்தது. அவை வெறும் வசவாக நின்றுவிடவில்லை. ஆயிரக்கணக்கான குடும்பங்களின் சோற்றில் கைவைத்தன.

5

நாவலுக்கு வருவோம். வில்லியம் பாய்டின் ‘ஆன் ஐஸ்-க்ரீம் வார்’ 1982இல் வந்து புக்கர் இறுதிப்பட்டியல்வரை போனது. தாங்கா சண்டையை ஆங்கில நாவலில் இவ்வளவு நன்றாக எழுதியவர் வேறு யாரையும் நான் படித்ததில்லை. கேப்ரியல் காப் என்ற இளம் ஆங்கிலேய அதிகாரி, பாளையங்கோட்டைப் பெயர் தாங்கிய படையோடு இறங்குகிறான். குழப்பம், தாகம், யார் எங்கே சுடுகிறார்கள் என்று தெரியாத மூடத்தனம், எல்லாவற்றையும் பாய்ட் ஒரு கறுப்பு நகைச்சுவையாக ஆக்குகிறார். பேரரசு என்பது கோமாளிகள் நடத்தும் கம்பெனி என்று காட்டுகிறார். அந்த அளவில் சிரித்துக்கொண்டே ரசிக்கலாம்.

ஆனால் ஒரு இடத்தில் எனக்குச் சிரிப்பு நின்றது. கேப்ரியலுக்குக் காயம் பட்டால் அந்தக் காயத்துக்குள் நாம் போகிறோம். அவனுக்குத் தாய், தம்பி, தேனிலவு, கூச்சம் எல்லாம் உண்டு. அவனைத் தேடித் தம்பி கண்டம் தாண்டி வருகிறான். அவனைச் சுற்றி ஓடுகிற சிப்பாய்களுக்கு யாரும் தேடி வரமாட்டார்கள். அவர்கள் குழப்பத்தின் பின்னணிச் சத்தம். பாய்ட் கெட்ட எண்ணத்தில் எழுதவில்லை. மைனர்ட்ஸ்ஹாகன் வெறுத்த கூட்டத்தை அவர் பரிகசிக்காமல் விட்டுவிடுகிறார், அவ்வளவுதான். ஆனால் கேமரா அதே இடத்தில்தான் நிற்கிறது. கைப்பற்றிய மெஷின் கன் மாதிரி: பிடித்திருக்கும் கை மாறியிருக்கிறது, உள்ளே போகிற ரவை அதே அளவுதான்.

நான்காவது புத்தகம் அப்துல்ரசாக் குர்னாவின் ‘ஆஃப்டர்லைவ்ஸ்’, 2020இல் வந்தது. அடுத்த வருடம் அவருக்கு நோபல் கிடைத்தது. இந்த நாவல் அதே ஜெர்மன் கிழக்கு ஆப்பிரிக்காவை அஸ்காரியின் பக்கத்திலிருந்து எழுதுகிறது. ஹம்ஸா என்ற பையன் தானாகவே போய்ப் படையில் சேருகிறான். ஒரு ஜெர்மன் அதிகாரி அவனுக்கு மொழி கற்றுத்தருகிறான், அந்த அன்புக்குள் இருக்கும் வன்மம் மெதுவாக வெளியே வருகிறது. குர்னா சண்டைக்காட்சிகளில் நிற்பதில்லை. போர் முடிந்து காலை இழுத்து இழுத்து ஊர் திரும்பியவன் ஒரு மரக்கடையில் வேலைக்குச் சேருவதும், ஒரு பெண்ணைக் காதலிப்பதும், இரவில் அலறி எழுவதும்தான் அவருக்கு முக்கியம். இலியாஸ் என்ற இன்னொருவன் ஜெர்மானியர் மேல் வைத்த விசுவாசத்தோடேயே காணாமல் போகிறான். அவன் கதை நாஜிகளின் வதைமுகாமில் முடிந்ததைக் கடைசிப் பக்கங்களில் தெரிந்துகொள்கிறோம். லெட்டோ உருவாக்கிய ‘விசுவாசமான அஸ்காரி’ என்ற பொம்மையை எடுத்து, உள்ளே ஒரு மனிதனை வைத்து, அந்த விசுவாசம் அவனை எங்கே கொண்டுபோய் விட்டது என்று காட்டிவிட்டார்.

குர்னா தன் அஸ்காரிகளைப் புனிதர்கள் ஆக்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். அவர்கள் ஊர்களை எரிக்கிறார்கள், தானியத்தைப் பிடுங்குகிறார்கள். பறித்த துப்பாக்கி யாரை நோக்கித் திரும்புகிறது என்பதில் அவருக்குக் கூச்சமில்லை.

6

சரி, நம்ம பக்கம் என்ன இருக்கிறது?

மூலக்கொத்தளத்தில் இருந்துகொண்டு இதைக் கேட்காமல் இருக்க முடியாது. ‘கொத்தளம்’ என்றாலே கோட்டை மதிலில் பீரங்கி வைக்கும் முனை. கறுப்பர் நகரத்தைச் சுற்றிப் பிரிட்டிஷார் 18ஆம் நூற்றாண்டில் எழுப்பிய மதிலின் ஞாபகம் எங்கள் பேட்டைப் பெயரில் இருக்கிறது, பக்கத்திலேயே வால்டாக்ஸ் ரோடு. இங்கே இருக்கும் இடுகாட்டில்தான் 1939இல் இந்தி எதிர்ப்புப் போராட்டத்தில் சிறை சென்று உயிர்விட்ட நடராசனுக்கும் தாளமுத்துவுக்கும் நினைவிடம். செத்தவர்களை எப்படி ஞாபகம் வைத்துக்கொள்வது என்பது இங்கே தினப்படி விஷயம்.

1914 பற்றி எங்கள் பக்கம் கேட்டால் எல்லாரும் சொல்வது எம்டன். செப்டம்பர் 22 இரவு அந்த ஜெர்மன் கப்பல் துறைமுகத்துக்கு வெளியே நின்று சுமார் 130 குண்டு போட்டது, பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகள் எரிந்தன. சனம் மூட்டை கட்டிக்கொண்டு ஊரை விட்டு ஓடியது. அந்தப் பெயர் தமிழில் ஒரு சொல்லாகவே தங்கிவிட்டது. 2006இல் வந்த ‘எம் மகன்’ படத்துக்கு முதலில் வைத்த பெயர் ‘எம்டன் மகன்’. துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஒரு பெரியவரிடம் தாங்காவைப் பற்றி ஒருமுறை பேசிக்கொண்டிருந்தேன். “இன்னா நைனா, எம்டன்னு சொன்னா நம்ம ஆளு செண்பகராமன் கப்பல்ல வந்தாரு, அத எழுது. ஓடுனவன் கதைய எதுக்கு எழுதுற?” என்றார். செண்பகராமன் பிள்ளை அந்தக் கப்பலில் வரவில்லை, அப்போது அவர் சூரிச்சில் இருந்தார் என்றேன். “வந்தாருன்னு சொன்னா உனுக்கு இன்னா கஷ்டம்?” என்றார்.

அவர் கேள்வியைத் தள்ளிவிட முடியவில்லை. எனக்கு என்ன கஷ்டம்? கஷ்டம் இதுதான். எம்டனின் மேல் ஒரு தமிழரை ஏற்றிவைப்பதும், தாங்காவில் ஓடியவர்களை மறைப்பதும் ஒரே வேலை. இரண்டுமே ‘போர் வீர இனம்’ என்ற ராபர்ட்ஸ் பிரபுவின் தராசை ஒப்புக்கொண்டு, நம்ம தட்டில் கொஞ்சம் எடை போடுகின்றன. ஆண்ட பரம்பரை, வீரப் பரம்பரை என்று இணையத்தில் தினமும் ஓடுகிற மீம்களும் அதே தராசில்தான் நிற்கின்றன. எம்டன் குண்டு போட்ட இரவில் சென்னையை விட்டு ஓடியவர்களை யாரும் கோழை என்று எழுதவில்லை, அதைச் சிரிப்புக் கதையாகச் சொல்கிறோம். ஆறு வாரம் கழித்து, குமட்டும் கப்பலில் மூன்று வாரம் கிடந்துவிட்டு, தெரியாத காட்டில் மெஷின் கன்னுக்கு முன்னால் நிறுத்தப்பட்டவன் ஓடினால் மட்டும் அது இனத்தின் குணமா?

மறுபக்கமும் ஒரு குழி இருக்கிறது. ஓடியதை எதிர்ப்பு என்று எழுதிவிடலாம், பேரரசுக்காகச் சாக மறுத்த மகத்தான சிப்பாய்கள் என்று. இன்றைய கோட்பாட்டு வாசிப்புக்கு அது இனிப்பாக இருக்கும். எனக்கு அது மைனர்ட்ஸ்ஹாகனின் வேலையைத் தலைகீழாகச் செய்வதாகத்தான் தெரிகிறது. பயந்தவனுக்குப் பயப்படும் உரிமையைக் கொடுப்பதுதான் முதல் மரியாதை.

இந்தியச் சிப்பாய்களின் குரலே இல்லை என்றும் சொல்ல முடியாது. பிரான்சில் நின்றவர்களின் கடிதங்களைத் தணிக்கை அதிகாரிகள் பிரித்துப் படித்து, மொழிபெயர்த்துக் கோப்பில் வைத்தார்கள். டேவிட் ஒமிசி 1999இல் தொகுத்த நூல் அந்தக் கோப்புகளிலிருந்து வந்தது. பெர்லினுக்கு அருகே வுன்ஸ்டார்ஃப் முகாமில் அடைபட்ட இந்தியக் கைதிகளை ஜெர்மன் மொழியியலாளர்கள் குழலுக்கு முன்னால் நிறுத்திப் பேசவைத்து, பாடவைத்துப் பதிவு செய்தார்கள். அந்தத் தட்டுகள் இன்றும் இருக்கின்றன. ஆக, நமக்குக் கிடைக்கும் சிப்பாய்க் குரல்களும் கைப்பற்றப்பட்டவைதான். தணிக்கைக்காரன் படிப்பான் என்று தெரிந்து எழுதியவை, கைதியாக நின்று பேசியவை. பெரும்பாலும் வடக்கத்திக் குரல்கள்.

துப்பாக்கிகளுக்கு இந்தக் கஷ்டம் இல்லை. போருக்குப் பிறகு ஆஸ்திரேலியாவில் கைப்பற்றிய ஜெர்மன் ஆயுதங்களை ஊரின் மக்கள்தொகையைப் பார்த்துப் பிரித்துக் கொடுத்தார்கள். சின்ன ஊருக்கு ஒரு இயந்திரத் துப்பாக்கி, பெரிய ஊருக்குப் பீரங்கி. எம்டனின் பீரங்கி ஒன்று 1917 முதல் சிட்னி ஹைட் பார்க்கில் நிற்கிறது. பள்ளிக்கூடப் பிள்ளைகள் தொட்டுப் பார்க்கலாம். 2021இல் காமன்வெல்த் போர்க் கல்லறைகள் ஆணையமே வெளியிட்ட அறிக்கை, முதல் உலகப் போரில் செத்த ஆப்பிரிக்கர், ஆசியரில் குறைந்தது 1,16,000 பேருக்குப் பெயரோடு நினைவுச்சின்னம் இல்லை, அல்லது நினைவுச்சின்னமே இல்லை என்று ஒப்புக்கொண்டது. அந்த எண் 3,50,000 வரைகூடப் போகலாம் என்றது. இரும்பைத் துல்லியமாக எண்ணியவர்கள் ஆட்களை எண்ணும்போது லட்சக்கணக்கில் தடுமாறுகிறார்கள்.

7

தமிழில் போர் நாவல் என்றால் ப. சிங்காரத்தின் ‘புயலிலே ஒரு தோணி’ உடனே நினைவுக்கு வரும். இரண்டாம் உலகப் போரின் தென்கிழக்காசியாவை அவ்வளவு அலட்சியமாக, அவ்வளவு கூர்மையாக எழுதியவர் வேறு மொழியில்கூட அபூர்வம். சிங்காரத்திடம் நான் மதிப்பது ஒன்று. அவருடைய பாண்டியன் வீரன்தான், ஆனால் வீரத்தைப் பார்த்துத் தானே சிரித்துக்கொள்ளவும் தெரிந்தவன். தமிழ்ப் பெருமை பேசுகிறவர்களை அந்த நாவல் கிண்டலடிக்கிற மாதிரி வேறு எதுவும் அடித்ததில்லை. தாங்காவை எழுதப்போகிற தமிழ் எழுத்தாளருக்கு அந்தச் சிரிப்பும் வேண்டும், ஊர் திரும்பியவனின் இரவுகளைக் கவனித்த குர்னாவின் பொறுமையும் வேண்டும்.

அந்த நாவலை யாராவது எழுத உட்கார்ந்தால், ஒரு யோசனை மட்டும் சொல்வேன். சண்டையிலிருந்து தொடங்காதீர்கள். நவம்பர் 5, கப்பல்கள் கிளம்பிவிட்டன. கரையில் 16 இயந்திரங்கள் கிடக்கின்றன. லெட்டோவின் ஆட்கள் வந்து எண்ணுகிறார்கள். தண்ணீர் உறையைத் தட்டிப் பார்க்கிறார்கள், பட்டைகளைச் சுருட்டுகிறார்கள். அதே நேரம் கப்பலில் ஒருவன், பாளையங்கோட்டைப் பக்கத்துக்காரன் என்று வைத்துக்கொள்ளுங்கள், அதில் ஒரு துப்பாக்கிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தவன், வெறுங்கையோடு உட்கார்ந்திருக்கிறான். அவன் கையைப் பற்றி எந்தப் பட்டியலும் இல்லை. அங்கிருந்து எழுதலாம்.